றீற்றாவின் பக்கம்

அம்பிட்டியச் சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசோவின் ஒரு முனையில், எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து, ஊரில் இல்லாத ஒரு பிள்ளையின் பாரம் இருந்துவருகிறது. முதலில் நடு அச்சு துருப்பிடித்துவிட்டது என்றார்கள். கிறீஸ் பூசிப் பார்த்தார்கள். பலகையைக் கழற்றிப் புதுப் பலகை போட்டார்கள். புதுப் பலகையும் மாட்டிய கையோடு மாமரத்துப் பக்கமாகச் சாய்ந்து, வெறும் இருக்கை தரையைத் தொட்டது. எதிர்முனையில் இன்னொரு பிள்ளை ஏறி அமர்ந்தால் மட்டும் அது மேலே எழும்பும், பிறகு இறங்கும். சரிக்குச் சரி ஆள் இருப்பதுபோலவே ஆடும்.

அந்தப் பாரம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொண்டவள் றலியா. கண்டி நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மஹ்மூதின் மனைவி. அவளுடைய மகள் கைரியாவும், அடுத்த ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பிராஜாவின் மகள் றீற்றாவும் ஒன்பது வயதுக்காரர்கள். ஒரே வகுப்பு, ஒரே உயரம். பள்ளிக்கூடம் விட்டதும் பூங்காவுக்கு ஓடி, சீசோவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இறங்கமாட்டார்கள். றீற்றாவின் தாய் திரேசா ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள். வேலைவிட்டு வரும் வழியில் பூங்கா வாங்குப் பலகையில் றலியாவின் பக்கத்தில் வந்து அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக்கொள்வாள். இரண்டு பெண்களும் அரிசி விலையையும் மாமியாரையும் பற்றிப் பேசித் தீராத அந்தப் பின்னேரங்கள்தான் தன் வாழ்நாளில் நல்லவை என்று றலியா பிற்காலத்தில் நினைத்தாள். அப்போது அப்படி நினைக்கவில்லை.

ஜூலைக் கலவரம் கண்டிக்கு வந்த நாளில் நகரத்திலிருந்து புகை எழும்புவது அம்பிட்டிய மேட்டிலிருந்து தெரிந்தது. தமிழாக்களை ஒளித்து வைக்கும் வீடுகளும் எரியும் என்று ஒழுங்கை முழுக்கக் கதை பரவியிருந்தது. மஹ்மூத் கடையைப் பூட்டப் போனவர் திரும்பியிருக்கவில்லை. அந்த நேரம்தான் திரேசா பின்வாசலுக்கு வந்தாள். பள்ளிச் சீருடையோடு றீற்றா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"றலியா, எங்களுக்கு இடம் கேட்டு வரேல்லை. நாங்கள் அகதி முகாமுக்குப் போறம். பிள்ளையை மட்டும் வச்சிருங்கோ. எல்லாம் அடங்க வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"எங்கட ஊட்டையும் பாத்துக்கொண்டுதான் ஈக்கிறாங்க, திரேசா. அவரும் இல்ல. நான் தனிய என்ன செய்ற?"

திரேசா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் றலியாவின் வீட்டுக் கதவை எவரும் தட்டவில்லை. ஒரு கல்கூட வந்து விழவில்லை. மஹ்மூத் பத்திரமாகத் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

ஊரடங்கு முடிந்து பூங்காவுக்குப் போன முதல் நாளே கைரியா ஓடிவந்தாள். "உம்மா, றீற்றா ஈக்கிறா. காணத்தான் ஏலா." றலியா போய்ப் பார்த்தாள். வெறும் இருக்கையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அந்தப் பிள்ளையை எத்தனையோ தடவை சீசோவில் தூக்கி வைத்த கை அது, பாரம் அதற்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு வாரம் தவறாமல் போய்த் தூக்கிப் பார்ப்பது அவள் வழக்கமாயிற்று. முகாமிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்ட பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டிருப்பதைக் கண்டியில் இருந்துகொண்டே அறிந்தாள். மாம்பழக் காலத்தில் பாரம் கூடியது. வடக்குக்குச் சாமான் போகாத மாதங்களில் குறைந்தது. அந்த நாட்களில் றலியாவுக்குத் தன் வீட்டுச் சோறும் இறங்கவில்லை. எண்பத்தேழாம் ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு பாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைரியா மட்டும் வளர்ந்தாள். அவள் அமர்ந்தால் எதிர்ப்பக்கம் மேலே எழும்பி அங்கேயே நின்றது, காலை உந்தினாலும் இறங்கவில்லை. சில பெண்பிள்ளைகள் அப்படித்தான், ஒரு வயதோடு வளர்த்தி நின்றுவிடும் என்று றலியா மகளிடம் சொன்னாள். கைரியா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் சீசோவில் ஏறவில்லை. வளர்ந்து, கலியாணம் முடித்து, பிலிமத்தலாவைக்குப் போய்விட்டாள். மஹ்மூத் மௌத்தாகி அடக்கமானார்.

சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துப் பாதை திறந்த வருடத்தில் திரேசா வந்தாள். தலை முழுக்க நரைத்து, கையில் ஒரு பனங்கட்டிப் பெட்டியோடு முன்வாசலில் நின்றாள். கதிரையில் அமர்ந்து பிளேன்டீ குடிக்கும்வரை இருவரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

"றீற்றா போனது பதிமூணு வயசுலதானே?" என்று றலியா கேட்டாள்.

திரேசாவின் கை கோப்பையோடு நின்றது. "ஆர் சொன்னது? செல் விழுந்து வெடிக்கேக்கை பங்கருக்கு ஓடினவள், போய்ச் சேரேல்லை. நான் ஆஸ்பத்திரியில டியூட்டி."

றலியா அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். வெறும் இருக்கையைக் காட்டித் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். திரேசா குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள், நித்திரையாய்ப் போன பிள்ளையைத் தூக்குவதுபோல. நெஞ்சுவரைக்கும் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"அப்ப சரியா மெலிஞ்சுதான் போயிருந்தவள்" என்றாள்.

"அண்டைக்கி நான் புள்ளய வச்சிருந்தா..." என்று தொடங்கினாள் றலியா.

"ஓம்" என்றாள் திரேசா. "வச்சிருந்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. நிலத்தில் இடிபடாதபடி இருக்கையை மெல்ல இறக்கி வைத்தாள். மறுநாள் காலையில் பஸ் ஏறுமுன் தனியாக ஒருமுறை பூங்காவுக்குப் போய்வந்தாள். பாதை மறுபடியும் மூடப்பட்டது. அவள் அதன் பிறகு வரவில்லை. றலியா அந்த ஒரு சொல்லை ஒரு நாளும் எவரிடமும் சொல்லாமல், தொழுகைப் பாயிலும் சமையலறையிலும் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்த பின் பூங்காவைக் குடும்பங்கள் வந்துபோகும் இடமாகத் திருத்தினார்கள். புதுச் சறுக்கு மரம் வந்தது. சில்லுப் பலகையில் ஓடுகிற பெரிய பிள்ளைகளுக்குச் சீமெந்துத் தளம் போட்டார்கள். கூட்டாளி இல்லாமல் தனியாக வரும் பிள்ளைகளைத் தாய்மார் சீசோவுக்கு அனுப்பினார்கள், அங்கே எப்போதும் ஆள் இருக்கும் என்பதால். றலியா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சாயம் பூச வந்த சிங்கள ஆள் எதிர்முனையைச் சிவப்பாகப் பூசி முடித்து, வாளியை மூடிப் புறப்பட்டான். மற்றப் பக்கத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று அவள் சிங்களத்தில் கேட்டாள்.

பிள்ளை இறங்கட்டும், பூசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஊஞ்சல் பக்கமாகப் போனான்.