ஓட்டுபவரின் எடை

நான் போய்ச் சேர்ந்தபோது என் கார் நான்கு தராசுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தட்டைப் பலகைகள், அவற்றிலிருந்து ஓடும் வயர்கள், வயர்கள் போய்ச் சேரும் சின்னத் திரையில் நான்கு எண்கள். ஓட்டுநர் இருக்கையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். ஓடாத வண்டியில் உட்கார்ந்து ஒரு மனிதர் அத்தனை கவனமாக எதிரே பார்த்து நான் கண்டதில்லை. எதிரே இருந்தது பழைய டயர் அடுக்கிய சுவர். முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த பட்டறைக்காரர் கொக்கி ஸ்பானரால் உள்ளே எதையோ திருகிவிட்டு, "ஆடாம இருங்க சார், அப்படியே," என்றார். சார் அப்படியே இருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலை ட்ரிப்பை முடித்து, பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்திருக்கிறேன். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஓடிவந்ததே அந்த இருக்கையில் நான் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். வண்டியின் உயரத்தைக் குறைத்து இறக்கும்போது, அதை ஓட்டப்போகிறவரை உள்ளே உட்காரவைத்து, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடிதான் ஒவ்வொரு பக்கமும் திருக வேண்டும். யார் உட்காருகிறார்களோ அவர்களுக்குத்தான் வண்டி பொருந்தும். இது அவருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

"வந்துட்டியா? வா வா, முடியப்போகுது," என்றார், வாயெல்லாம் பல்லாக.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மெதுவக்கா. வேகத்தைக் கட்டிப்போடும் கருவி மாட்டிய வண்டியை வேறு எப்படி ஓட்டுவதாம்? நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து, கார்களின் கூரைகளையும் ஆண்களின் வழுக்கைகளையும் பார்த்தபடி, சைக்கிள்காரர்கூட என்னைத் தாண்டிப் போவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறேன். அதனாலோ என்னவோ, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இரண்டே பேர் உட்காரும் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் சம்பாத்தியத்தில் வாங்கினேன். தாழ்ந்த வண்டிதான். ஆனாலும் வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் சாயும். டயருக்கும் அதன் மேலே இருக்கும் மட்கார்ட் வளைவுக்கும் நடுவில் என் கை முழுசாகப் போய்வரும். அந்த இடைவெளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வண்டிய இன்னும் கொஞ்சம் இறக்கணும்," என்று வீட்டில் சொன்னபோது சிரித்தாரே ஒரு சிரிப்பு! "இன்னும் இறக்கியா? பாதாளத்துக்கா போகப்போற?" என்றார். அவருடைய தங்கையிடம் போனில், "பஸ் ஓட்டுறவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டு ட்ரிப்புக்கு நடுவில், ஆள் இல்லாத பேருந்தில் உட்கார்ந்து போனில் தேடித்தேடிப் படித்தேன். குட்டை ஸ்பிரிங் மட்டும் வாங்கி மாட்டிவிடலாம். சுலபம். ஆனால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதோடுதான் குடித்தனம். பழைய ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிச் சீக்கிரமே உயிரை விட்டுவிடும். இல்லையென்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் முழு செட்டை வாங்க வேண்டும். அதில் போல்ட்டில் இருப்பதுபோல் மரை இருக்கும், வளையத்தைத் திருகி ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவின் வேகத்தடைகளையும் வீட்டு வாசல் சரிவையும் டேப் வைத்து அளந்தேன். முன்பம்பர் உரசாமல் எதுவரை இறங்கலாம் என்று பார்த்தேன். டயருக்கு மேலே இரண்டு விரல் போகிற மாதிரி நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு முழு செட்தான் சரி என்று முடிவுசெய்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உதவிக்கு வந்துவிடுவார்.

அதுதான் என் பயம். என் கணவர் கெட்டவர் இல்லை. துணி மடிப்பார், பாத்திரம் கழுவுவார், என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். என் அக்கா அவரை மெச்சாத நாள் கிடையாது. எனக்குப் பிடித்த எதையும் அவர் பிடுங்கியதே இல்லை. முதலில் கிண்டல் செய்வார். அப்புறம் எட்டிப் பார்ப்பார். அப்புறம் அதைப் பற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எனக்கே சொல்லித்தர ஆரம்பிப்பார். ஆசையாக ஒரு கேமரா வாங்கினேன். இப்போது அது அவர் கழுத்தில் தொங்குகிறது. வீட்டில் எடுத்த எல்லாப் படத்திலும் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. மீன் தொட்டி வைத்தேன். நான் தீனி போட்டால் அதிகம் போட்டுவிடுகிறேனாம். இப்போது எந்த மீன் எப்போது சாப்பிட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும், நான் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லாம், "எவ்வளவு அக்கறை பாருங்க இவருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் காபி போட்டுக் கொடுப்பேன்.

ஒருநாள் அவருடைய அலுவலக வாசலில் என் காரை நிறுத்தியிருந்தேன். யாரோ, "செம வண்டி, உங்களுதா?" என்று அவரைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஸ்பிரிங் பற்றிப் பேசினார். படுக்கும்போது ஷாக் பற்றிப் பேசினார். உன் காரு என்பது நம்ம காரு ஆனது. தலைகீழாக நின்றாலும் இதை மட்டும் விடக் கூடாது என்று இருந்தேன். அதனால்தான், "நீ ட்ரிப் முடிச்சிட்டு வா, நான் வண்டிய பட்டறையில விட்டுடறேன்," என்று அவர் சொன்னபோது, சாவியைக் கொடுத்த கையோடு பட்டறைக்காரருக்குப் போன் செய்து, நான் வந்த பிறகுதான் தராசில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

"இறங்குங்க," என்றேன்.

"இரு, ரெண்டு நிமிஷம். நம்பர் எல்லாம் அழகா வந்து நின்னிருக்கு."

"அண்ணே, நான் வந்தப்புறம்தான் எடை பாக்கணும்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

பட்டறைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பழைய துணியில் கையைத் துடைத்தார். "சொன்னீங்கம்மா. ஆனா சார் இருந்தாரே. நானா ஒண்ணும் பண்ணலம்மா, கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். வண்டிய ஓட்டப்போறது யாருன்னு கேட்டேன். சார், நான்தான்னு சொன்னாரு."

மூலையில் காற்று அடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் தேவலை என்று தோன்றியது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டயர் சுவரைப் பார்த்தார்.

"ஏதோ டக்குனு வாயில வந்துடுச்சு," என்றார்.

"எது டக்குனு வந்துச்சு? இத்தனை நாள்ல நீங்க இந்த வண்டிய எங்க ஓட்டியிருக்கீங்க? இன்னைக்குக் காலைல இங்க கொண்டு வந்தீங்க. அவ்வளவுதானே?"

"சரி, அதுக்கு என்ன இப்போ? எனக்கும் உனக்கும் கொஞ்சம் வெயிட்டு வித்தியாசம். அதுல என்ன குடி முழுகிடப்போகுது?"

கொஞ்சமாம். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றால் என்னை அவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம். நான் குனிந்து முன்டயருக்கு மேலே விரலை விட்டேன். ஒரு விரல்தான் போனது. இரண்டாவது விரலின் நகம் இடித்தது.

"யாரு இவ்வளவு இறக்கச் சொன்னது?"

பட்டறைக்காரர் ஸ்பானரை எடுத்துத் துடைத்தார். அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ஒரு விரல்னாத்தான் பாக்கக் கெத்தா இருக்கும்," என்றார் என் கணவர். "நான் நிறையப் படம் பாத்துட்டுத்தான் சொன்னேன். ரெண்டு விரல்னா இறக்கின மாதிரியே தெரியாது."

"நம்ம வாசல் சரிவுல பம்பர் மாட்டும்."

"குறுக்கால ஏத்தினா மாட்டாது. நான் சொல்லித் தர்றேன்."

சொல்லித் தருகிறாராம்! குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு அங்குலம் விட்டால் சுவர், ஒரு அங்குலம் விட்டால் சாக்கடை என்கிற சந்துகளில் பேருந்தைப் பின்னால் எடுக்கிறவள் நான். என் வாசலில் என் காரை ஏற்ற எனக்கு இவர் சொல்லித் தருகிறார். பல்லைக் கடித்துக்கொண்டேன். கடித்தும் அடங்கவில்லை.

"அண்ணே, முதல்லேர்ந்து பண்ணுங்க. ரெண்டு விரல். நான் உக்காருறேன்."

"முதல்லேர்ந்தா?" பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு காருக்குள் பார்த்தார். "சார், என்ன பண்ணலாம்?"

அந்த ஒரு பார்வைதான். அவர் கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பழக்கம். கடைக்காரர்கள், பேங்க்காரர்கள், குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர், எல்லோரும் என் கேள்விக்கு என் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். நானும் இத்தனை வருடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவள்போல நின்றிருக்கிறேன்.

"அண்ணே, அவர ஏன் பாக்குறீங்க? வண்டி என்னுது. என்னைப் பாருங்க!"

குரல் கூரையில் இடித்துத் திரும்பியது. அந்தப் பக்கம் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் கால்கள் அசையாமல் நின்றன.

"எதுக்கு இங்க கத்துற?" என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். "மானம் போகுது. எதுவா இருந்தாலும் வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல என்ன பேசுறது? வீட்ல கேமரா இருக்கு, மீன் தொட்டி இருக்கு. அதுங்களப் பத்திப் பேசலாமா?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "மீன் தொட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நடிக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தெரிந்து செய்கிறவரிடம் சண்டை போடலாம். இவரிடம் என்னத்தைப் போட? நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் ஒரு காலை வெளியே வைத்தார், கூரையைப் பிடித்தார், வழுக்கினார், மறுபடி பிடித்து, முழங்கால் நெற்றியில் இடிக்காத குறையாக வெளியே வந்தார். வேறு நாளாக இருந்தால் நான் கை கொடுத்திருப்பேன், இரண்டு பேரும் சிரித்திருப்போம். அன்றைக்குக் கையை நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

உள்ளே உட்கார்ந்தேன். இருக்கை பின்னால் தள்ளப்பட்டிருந்தது, கால் எட்டவில்லை. கண்ணாடியில் பட்டறையின் கூரை தெரிந்தது. இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன். இருக்கையில் அவருடைய சூடு இன்னும் இருந்தது. திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். அழகாக வந்து நின்றிருந்த நான்கு எண்களும் கலைந்துபோயிருந்தன.

பட்டறைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேலையில் இறங்கினார். ஜாக்கியால் தூக்கினார், திருகினார், இறக்கினார், வண்டியை அமுக்கி ஆட்டிவிட்டு எண்ணைப் பார்த்தார், மறுபடி தூக்கினார். சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கோபம் போகவில்லை. வண்டி எனக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டு வருவது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

"அம்மா, இன்னொண்ணு கேக்கணும்," என்றார் அவர், இந்த முறை ஜன்னலில் குனிந்து, என்னிடமே. "பக்கத்து சீட்டு. கூட எப்பவும் ஒருத்தர் வருவாங்கன்னா அங்கயும் ஆள உக்காரவெச்சுத்தான் கடைசியா பாக்கணும். தனியாத்தான் ஓட்டுவீங்கன்னா காலியா விட்டுடலாம். எப்படி வைக்கட்டும்?"

என் கணவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால், பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. அவருடைய பெல்ட்டும் சட்டையின் கடைசிப் பொத்தானும்தான் தெரிந்தன. அப்புறம் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை. நான் உக்காரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். எத்தனை கோபத்திலும் சொல்லியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா? அவர் கேட்கவில்லை. கைப்பிடியை இழுத்தார். கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"காலியா," என்றேன்.

கை அப்படியே நின்றது.

"காலியாவே இருக்கட்டும் அண்ணே."

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "சார், கதவ சாத்திட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டிய யாரும் தொடக் கூடாது. கை பட்டாக்கூட நம்பர் ஆடும்."

கதவு மூடியது. கை கைப்பிடியை விட்டு மேலே போனது. எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே கூரைத் தகரம் மட்டும் லேசாக அமுங்கிச் சத்தம் போட்டது. பெல்ட்டும் பொத்தானும் ஜன்னலை விட்டு நகரவில்லை. திரையில் மூன்று எண்கள் நின்றுவிட்டன. அவர் நின்ற பக்கத்து எண் மட்டும் ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது, மறுபடி கூடியது.

"சார்," என்றார் பட்டறைக்காரர், ஸ்பானரைப் பிடித்தபடி.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தது.