இரொப்சும்தா

வலது மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரலை மடக்க முடியவில்லை. தென் கொரியாவில், அன்சான் நகரத்துப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கும் கை. அந்தக் கையோடுதான் மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தே செய்கிற வெப் டெவலப்பர் வேலைக்கு நேர்காணல். இது கிடைக்காவிட்டால் மறுபடி பெட்டிதான். கை இன்னொரு குளிர்காலம் தாங்காது. அன்றைய என் ஷிப்டை அறைத்தோழி கும்சில் அக்கா தன் லீவை விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான் யன்ஜிக்காரி; வட கொரிய எல்லையை ஒட்டிய சீன ஊர். வீட்டில் பேசியது கொரிய மொழி, பாஸ்போர்ட் சீனா. வீட்டிலிருந்து வேலை கேட்கும் யன்ஜிக்காரர்களை இப்போது தெற்கில் எந்தக் கம்பெனியும் நம்புவதில்லை. வட கொரிய ஆட்கள் எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு, யாரோ பெயரில் சம்பளம் எடுக்கிறார்களாம்.

எனக்கும் யார்மேலும் நம்பிக்கையில்லை. சியோலிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு குவொன் என்றொரு ஆள் செய்தி அனுப்பியபடி இருந்தான். உன் பெயரை மட்டும் கொடு, வேலையை நாங்கள் செய்கிறோம், கம்பெனி மடிக்கணினியை உன் அறையில் அணைக்காமல் வைத்திரு, இங்கிருந்தே அதை இயக்கிக்கொள்கிறோம், சம்பளத்தில் பங்கு தருகிறோம் என்றான். கும்சில் அக்காவிடம் காட்டினேன்.

"பேர மட்டுமா கேக்குறான்? மாட்டுனா ஜெயிலுக்குப் போறதுக்கும் ஆள் கேக்குறான்டி."

பதில் போடாமல் விட்டிருந்தேன்.

திரையில் பியொன் வந்தார். துணிக்கடைத் தளம் நடத்தும் கம்பெனியில் குழுத் தலைவர். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பிழையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். தலையாட்டியவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"கைய முகத்துக்கு முன்னால ஆட்டுங்க."

கம்ப்யூட்டர் ஒட்டிய போலி முகமா என்று பார்க்கிறார். ஆட்டினேன். வீங்கிய விரல்களும் வலிக்கு ஒட்டியிருந்த மருந்துப் பட்டையும் திரையை அடைத்தன.

"கம்ப்யூட்டர் தட்டுற கை மாதிரி இல்லையே."

"பார்சல் தூக்குற கைங்க. மிச்ச நேரத்துலதான் தட்டுது."

சிரித்துவிட்டார். சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும், காலம் அப்படி என்றார். அந்த மன்னிப்பில் நான் தளர்ந்துபோனேன். சியோல் பேச்சுக்குப் பழக்கி வைத்திருந்த வாய் நழுவிவிட்டது.

"இரொப்சும்தா."

பிரித்துப் பார்த்தால் 'வேலை இல்லை' என்று வரும் சொல். எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். எல்லை ஆற்றுக்கு அந்தப்பக்கம் வடக்கிலும் அதுவே. தெற்கிலோ, 'உன் சங்காத்தமே வேண்டாம், போ' என்று முகத்தில் அடிப்பது.

பியொனின் சிரிப்பு நின்றது.

"இந்தப் பேச்சு எங்க கத்துக்கிட்டீங்க?"

"யன்ஜிலதாங்க. எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்வோம்."

"இதுக்கு முன்னாடி எங்ககிட்ட மாட்டுன ஆளும் யன்ஜின்னுதான் சொன்னாரு."

அடையாள அட்டையோடு அலுவலகத்துக்கே வருகிறேன் என்றேன். பார்த்துச் சொல்கிறோம் என்று திரையை அணைத்தார். தேநீர் ஆறுவதற்குள் மின்னஞ்சல் வந்தது: தேர்வாகவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவொனின் செய்தி. என்ன முடிவு, சம்மதமா என்று. ஆத்திரத்தில், தெற்கத்திக்காரனுக்கு உறைக்கட்டும் என்று அதே சொல்லை அடித்து அனுப்பினேன்: இரொப்சும்தா.

உடனே பதில் வந்தது.

"ரொம்ப சந்தோஷம். மடிக்கணினியை எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லட்டும்?"

இன்னொரு தடவை படித்தேன். சியோலில் பிறந்தவனாக இருந்தால் இதற்குக் கோபப்பட்டிருப்பான். இவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எந்த அறையிலிருந்து எழுதுகிறானோ, அவன் வீட்டிலும் இந்தச் சொல் பரவாயில்லைதான். ஒரே சொல்லில் இரண்டு பேரும் மாட்டினோம். அவனுக்கு அடுத்தவர் பெயரில் வேலை இருக்கிறது. எனக்கு என் பெயரிலேயே இல்லை.

போலீசுக்குச் சொல்லலாம். நீ யார், உன்னை எப்படித் தெரியும் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அவன் எண்ணை முடக்கினேன்.

கும்சில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து கையுறையை மூலையில் எறிந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மருந்துப் பட்டைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். மணிக்கட்டில் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொண்டேன்.

அவளுக்கு நான் ஒரு ஷிப்ட் பாக்கி.