மூன்றாவது சுற்று

மூன்றாவது சுற்றின் வளைவில் மறுபடியும் கால்கள் கல்லாகிவிட்டன. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு மைலை, அதாவது மைதானத்தை நான்கு முறை, எட்டு நிமிடத்துக்குள் சுற்றிவிட வேண்டும் என்று ஒரு வருடமாகப் பிடிவாதம். எட்டரைக்குக் கீழே இறங்கியபாடில்லை.

பிடிவாதம் மகளின் கல்யாணத்தன்று பிடித்தது. மாடிப்படியில் அவள் திணறி நின்றபோது, மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "பாவம், சம்பந்தியால ஏறவே முடியல. யாராவது கையப் பிடிச்சு ஏத்தி விடுங்க."

அதே சம்பந்திதான் இப்போது பக்கத்தில் வந்து நின்றாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஓடுகிறவள்.

"தப்பா நினைக்காதீங்க. முதல் ரவுண்டுலயே மொத்தத்தையும் கொட்டிடுறீங்க."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. பாத்துட்டு சும்மா இருக்க முடியல. நாளைக்கு என் பின்னால வாங்க. என்னைத் தாண்டக் கூடாது."

போகவே கூடாது என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தாள். காலையில் கால்கள் தாமாக அங்கே போய் நின்றன. அடக்கி ஓடுவது அவளுக்கு அவமானமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த கிழவர்கள்கூடக் கூடவே வருவதுபோல் தோன்றியது. ஆனால் வாரங்கள் போகப் போக, மூன்றாவது சுற்றிலும் பேச முடிந்தது. பேச்சு வந்ததும் மனசில் கிடந்ததும் வெளியே வந்தது.

"அன்னைக்கு மாடிப்படியில அப்படிச் சொன்னீங்களே."

சம்பந்தி யோசித்தபடியே ஓடினாள். "நானா? என் வாய் இருக்கே..." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் அன்னைக்குக் கைகால் உதறல்தான் சம்பந்தி. பையன் கல்யாணமாச்சே," என்றாள்.

மழை விட்ட ஒரு காலையில் இருவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். மூன்றாவது வளைவில், கல்லாகப் போகிறது என்று அவள் காத்திருந்தாள். ஆகவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் ஓடிய சம்பந்தியின் மூச்சுதான் இரைந்தது.

"போங்க! எனக்காக நிக்காதீங்க!"

தாண்டினாள். நெஞ்சு எரிந்தது, காது அடைத்தது, எல்லைக்கோடு மிதந்துகொண்டு வந்தது. கோட்டைக் கடந்து கடிகாரத்தை அழுத்தினாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்கிறவள் தன் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எண்கள் புழுக்களாய் நெளிந்தன. தள்ளாடி வந்த சம்பந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூரமாக நீட்டிப் பார்த்தாள்.

"ஏழு... அம்பத்தாறு!"

அதைக் கேட்டு அவள் போட்ட கூச்சலில் கிழவர்கள் திரும்பினார்கள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

"அடுத்தது ஏழரை," என்றாள் சம்பந்தி.

"ஏழரையை நானா கூப்பிட்டு வச்சுக்கணுமா?"

சிரித்து முடிப்பதற்குள் சம்பந்தி புறப்படும் கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். இவள் ஈர மண்ணில் முட்டி போட்டு ஷூ லேஸை இறுக்கினாள். முடிச்சைப் போட்டுவிட்டுச் சம்பந்தியின் பின்னால் நடந்தாள்.