போடிக்கு விழுந்துபோன கால்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. அதனால் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை, உங்களுக்கு உண்டு. ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் முத்துப்பிரியா லேப்டாப்போடு வந்து நின்றாள்.

“நீங்க எழுத்தாளர்தானேண்ணே? எழுத்து ஒடஞ்சு போச்சு. வெரசா சரி பண்ணிக் குடுங்க.”

இப்படி ஒரு சோலிக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

2

தொடக்கம் ஒன்று: போடிமெட்டில் மேகம் இறங்கிய அந்த மாலையில், இசையின்

(வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு: முத்துப்பிரியா முதன்முதலாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். இன்று சாயங்காலம் எங்கள் போடி ஊர் ஜீப்பு ஓட்டுநர் சங்க விழாவில் அது மேடையேற வேண்டும். திறமூல இசைக்குறிப்பு மென்பொருளில் சுரங்களைப் போட்டு, கீழே வரிகளை அடித்து, காலையிலேயே எல்லாருக்கும் தாள் கொடுத்துவிட்டாள். அப்புறம்தான் பார்த்தாள். திரையில் ‘போடி விட்டு ஏறுதம்மா ஜீப்பு’. அச்சில் ‘பேடி விட்டு ஏறுதம்மா ஜீப்பு’. துணைக்கால்* விழுந்துவிட்டது.

* கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பது அந்த எழுத்துருவுக்குத் தெரியவில்லை.

3

எழுத்துருவை மாற்றினேன். வரிகளுக்கென்று நினைத்துச் சுரங்களுக்கு உரியதை மாற்றிவிட்டேன். சுரமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது.

“பாட்டைக் கேட்டா தாயக்கட்டம் வரைஞ்சு தர்றீங்களேண்ணே.”

அதைப் பழையபடி வைத்து, வரிகளின் எழுத்துருவை மட்டும் மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, அச்செடுத்தோம். போடிக்குக் கால் முளைத்தது. இங்கேயே முடித்திருந்தால் நான் கெட்டிக்காரன்.

4

புதுத் தாளோடு ஒத்திகைக்குப் போனோம். பேண்டு மாஸ்டர் மாரீஸ்வரன் பழைய தாளை வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் ஆத்தா, ஊரையே பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருக்க? போடிக்காரன் சும்மா விடுவானா?”

கோரஸ் பாட மலைக்கு மேலே கேரளத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்திருந்த பேச்சி குறுக்கே விழுந்தாள். “மலையாளத்துல பேடின்னா பயம், மாஸ்டரே. பயத்த விட்டுட்டு ஜீப்பு ஏறுது. வளைவுக்கு வளைவு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறவ நான். போடிய விட்டு ஏறுறது என்ன பெரிய சங்கதி?”

“அது பிழைக்கா,” என்றாள் முத்துப்பிரியா.

“இருக்கட்டும் தாயி. நல்ல பிழை.”

“கால் இருந்தாத்தான் வாசிப்போம். இல்லைன்னா பழைய பாட்டு இருக்கு,” என்றார் மாரீஸ்வரன்.

“கால் இல்லாட்டித்தான் பாடுவோம்,” என்றாள் பேச்சி.

5

முடிவு அ: திருத்திய தாள். முடிவு ஆ: பிழைத் தாள். முடிவு இ: முதல் தடவை போடி, மறு தடவை பேடி. (ஏலக்காய் வியாபாரி வீட்டில் வளர்ந்தவனின் சமரசம். சொன்னதும் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக என்னை முறைத்தன.)

“எம் பாட்டுண்ணே,” என்றாள் முத்துப்பிரியா. மற்றவர்களிடம் திரும்பினாள். “நான் எடுத்துக் குடுப்பேன். பிடிச்சா கூட வாங்க. இல்லைன்னா ஒத்தையில பாடிட்டுப் போறேன்.”

சாயங்காலம் மேடை. மாரீஸ்வரன் கிளாரினெட்டைக் கையில் வைத்திருக்கிறார், வாயில் வைக்கவில்லை. பேச்சி, பாடப்போகிறவளின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முத்துப்பிரியா மைக்கைப் பிடித்து உதட்டைச் சேர்த்துவிட்டாள்.

‘ப்’.

மெய்யெழுத்து வரைக்கும் எழுதிவிட்டேன். உயிரை நீங்கள் போடுங்கள்.