இரட்டைப் பட்டக்காரனின் துணை

சிகாகோவில் அந்த ஏப்ரல் சனிக்கிழமை என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் 'துணை' என்று பெரிதாகப் போட்டு, கீழே 'எவரெட் லங்ஃபோர்டு' என்று அச்சடித்திருந்தது. மார்லா என்ற என் பெயர் எங்கேயும் இல்லை. எவரெட் எனக்கு நிச்சயிக்கப்பட்டவன். அவன் கழுத்தில் இரண்டு அட்டைகள், சட்டக் கல்லூரிக்கு நீலம், வணிகக் கல்லூரிக்குச் சிவப்பு. இரண்டிலும் இடம் கிடைத்தவர்களைக் கூப்பிட்டு, காபியும் பேகல் ரொட்டியும் கொடுத்து மயக்கும் நாள் அது. சந்தையில் பரிசு வாங்கிய கன்று மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான் என் ஆள்.

முதலில் அவன் சொன்னது மூன்று வருடச் சட்டப் படிப்பு. எம்.பி.ஏ.வையும் சேர்த்ததும் அது நான்கானது. அவனோடு நானும் எங்கள் ஊரான கொலம்பஸை விட்டு இங்கே வர வேண்டும். அங்கே என் காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர் பதவியைத் தருவதாக என் மேலதிகாரி ரோண்டா சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

"நேர்ல பாப்போம் மார்லா. இந்த ரெட்டைப் படிப்பு பிரயோஜனமான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். நிச்சயமான நாளிலிருந்து கல்யாணத் தேதியையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

துணைகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவி டாரா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க! நம்ம சங்கத்துல ஒயின் ருசி பாக்கறது, யோகா, சமையல் எல்லாம் உண்டு. உங்களுக்குப் போரே அடிக்காது."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பாஸ்டன்ல பாலம் கட்ற இன்ஜினியரா இருந்தேன். இப்ப இந்தச் சங்கந்தான்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

பிறகு அரங்கில் உட்கார வைத்தார்கள். கடைசி வருட மாணவர்கள் இரண்டு பேரை மேடையேற்றினார் இந்த இரட்டைப் படிப்பின் இயக்குநர் ஹாலிஸ். கம்பெனி திவால் வழக்குகள் பார்க்கப் போவதாகவும், அதற்குச் சட்டமும் கணக்கும் சேர்ந்தே வேண்டும் என்றும் முதல் பெண் பளிச்சென்று சொன்னாள். நியாயமான பதில். அதனாலோ என்னவோ, யாரும் அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் அடுத்தவன் மேல்தான். கையில்லாத உல்லன் மேல்சட்டை போட்ட, வழவழவென்ற பையன்.

"ரெண்டும் படிச்சா எந்த வழியும் அடைபடாது. வக்கீலாவும் போலாம், கம்பெனிக்கும் போலாம். அதுதான் இதுல அழகே" என்றான்.

"நீங்க எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

கூட்டம் செல்லமாகச் சிரித்தது. நான்கு வருடம் படித்த பிறகும் யோசனை! வேலை கேட்டுப் போன வக்கீல் அலுவலகத்தில், இவன் கம்பெனிக்கு ஓடிவிடுவான் என்றார்களாம். வங்கியில், இவன் வக்கீல்தானே என்றார்களாம். அதையும் பெருமையாகவே சொன்னான். சொந்தச் செலவில் ரெண்டுங்கெட்டான் ஆனவனை அன்றுதான் பார்த்தேன். என்னைத் தவிர எல்லாரும் அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

எவரெட் கை தூக்கினான்.

"நடுவுல ஏதாவது ஒண்ணு பிடிக்கலைன்னா விட்டுரலாமா சார்?"

"தாராளமா. எதை விடறதுங்கறதை ரெண்டாவது வருஷக் கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே வேண்டாம்" என்றார் ஹாலிஸ்.

எவரெட்டின் முகம் மலர்ந்தது. ஏரிக்கரையில் நான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதுகூட அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனை நடைபாதைக்கு இழுத்து வந்தேன்.

"இங்க சேரப் போறியா?"

"சேந்து பாப்போமே. பிடிக்கலைன்னா ஒண்ணை விட்டுரலாம்."

"கல்யாணம்?"

"முதல் வருஷம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு..."

"நான் வேலையை விட்டுட்டு வரணும். நீ பாத்துட்டே இருப்பே. அப்படித்தானே?"

"அப்படி எதுக்குச் சொல்றே? எதையும் இப்பவே மூடிர வேண்டாம்னுதான் சொல்றேன்."

"எவரெட், உனக்கு அறிவு வேணும்னு நீ ரெண்டு படிப்பு கேக்கலை. பதில் சொல்லாம இருக்க நாலு வருஷம் இடம் கேக்கறே. நீ பதில் சொல்லாம விட்ட வரிசையில என்னையும் நிக்க வச்சிருக்கே."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல? அப்புறம் பேசலாம்."

திங்கட்கிழமையாம்! இரண்டு அட்டைகளையும் விரலால் திருகிக்கொண்டே சொன்னான். இவனுக்காகவா இத்தனை நாள் என் அம்மாவிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அங்கேயே நின்று ரோண்டாவை அழைத்தேன்.

"ரோண்டா, அந்த வேலையை நான் எடுத்துக்கறேன். ஆமாம், கொலம்பஸ்லயேதான் இருப்பேன்."

போனை வைத்துவிட்டு மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். கத்துவான், கெஞ்சுவான், குறைந்தபட்சம் ஏன் என்றாவது கேட்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் மெல்ல மூச்சு விட்டான். தோள்கள் இறங்கின. அவன் சொல்ல வேண்டியிருந்த பதிலை அவனுக்காக நானே சொல்லி முடித்துவிட்டேன். அவன் முகத்தில் நிம்மதி இருந்தது.

அவனுடைய நான்கு வருடப் படிப்பைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த நிம்மதியை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.