டெர்க் சாவு சொல்லப் போன கதை

1

ஓர் அகராதிக்காக 'நோபர்' என்ற சொல்லின் வேரைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் பெரெண்ட் என்று ஒருவர் செத்துப்போனார். நான் என்ன செய்ய? நெதர்லாந்தின் கிழக்கே, எங்கள் ஆக்டர்ஹுக் பக்கம், அந்தச் சொல்லுக்கு நிஜமான வேலை வருவதே சாவு வீட்டில்தான்.

(வேர்: 'ந' என்றால் அருகே. 'பூர்' என்றால் குடியிருப்பவர். பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். நல்லவர், வேண்டியவர் என்றெல்லாம் உள்ளே ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

2

விடியற்காலை மூடுபனி வயலின் மேல்— (வேண்டாம். எல்லாச் சாவும் மூடுபனியிலேயே தொடங்குகிறது.)

பெரெண்ட் காலையில் இறந்தார். எங்கள் ஊரில் சாவு சொல்லப் போவது வீட்டார் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். சவப்பெட்டியைத் தூக்குவதும் அக்கம்பக்கத்தார்தான். பக்கத்து வீட்டில் இருப்பவர் டெர்க். அவருடைய சேவல் கூவுகிறது என்று பெரெண்ட் நகராட்சிக்கு எழுதிப்போட்டு, அதை ஊரைவிட்டே அனுப்பினார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. [முதலில் எல்லைத் தகராறு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். சேவலே போதும்.]

கூலிக்கு ஆள் வைத்துத் தூக்கிவிடலாம் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். பெரெண்டின் மனைவி வில்லமின் தொலைபேசியை வைத்துவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் தூக்கிப்போகவா இத்தனை காலம் இந்தத் தெருவில் வாழ்ந்தார்கள்? ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய் டெர்க்கின் பின்கதவைத் தட்டினார்.

3

(அ) டெர்க் கதவைச் சாத்திக்கொண்டார். எழுதிப் பார்த்தேன். அப்புறம் வில்லமினின் முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

(ஆ) டெர்க் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். டெர்க்கை எனக்குத் தெரியும். தலைகீழாக நின்றாலும் செய்யமாட்டார்.

(இ)

"பெரெண்ட் போயிட்டாரு," என்றார் வில்லமின்.

டெர்க் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "எப்போ?"

"காலையில."

"அந்தாளக் கண்டா எனக்கு ஆகாது. தெரியுமில்ல?"

"தெரியும். எனக்கே பாதி நாள் ஆகாது. ஆனா பக்கத்து வீடு நீங்கதானே."

டெர்க் உள்ளே போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "போய் காப்பியப் போட்டு வைங்க. ஜனங்க வருவாங்க."

வில்லமின் அப்போதுதான் அழுதார்.

4

முடிவு என்று ஒன்றை நான் எழுதப்போவதில்லை. டெர்க் சைக்கிளை எடுத்துவிட்டார். அடுத்த வீடு உங்களுடையது. பெரெண்ட் உங்களைப் பற்றியும் நகராட்சிக்கு ஒன்றிரண்டு எழுதிப்போட்டவர்தான், மறந்திருக்கமாட்டீர்கள். பெட்டி தூக்க இன்னும் ஓர் ஆள் குறைகிறது. டெர்க் கதவைத் தட்டுகிறார். ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கம் நமக்கில்லை. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது.