சோப்பு இளைத்த கதை

1

போன மாதமும் இதே சோப்பு, இதே விலை. கைக்கு மட்டும் ஏதோ குறைகிறதே...

இப்படி, நான் எழுதும் கதையில் வருகிற அவள் நினைப்பிலிருந்து தொடங்கினேன். உண்மையில் அது என் நினைப்பு. ஒன்பது வருடம், மாதாமாதம் அதே கடைகளுக்குப் போய் அதே பொருள்களின் விலையைக் குறித்துக் கொடுக்கும் அரசாங்க வேலை பார்த்தேன். விலைவாசி எவ்வளவு ஏறியது என்று நாட்டுக்குச் சொல்லும் எண், அந்தப் படிவங்களில்தான் பிறக்கும்.

2

“வாங்க லிஸ்ட் அக்கா,” என்றார் கடைக்காரர். “வருஷக்கணக்கா விலை கேக்கறீங்க, ஒரு சோப்பாவது வாங்கியிருக்கீங்களா?”

வாங்கினாள். (இங்கே ஒரு மழை வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.) உறையின் மூலையில் பொடி எழுத்தில் எண்பத்தைந்து கிராம். படிவத்தில் அச்சாகியிருப்பது நூறு.

“எப்போலேருந்து?”

“ஆறு மாசமாச்சே. விலைய ஏத்தினா சண்டைக்கு வருவாங்க. எடைய யாரு பாக்கறா?”

அதே விலைக்கு எடை குறைந்தால் அதுவும் விலையேற்றம்தான்; பார்க்க வேண்டியவள் அவள்தான். பிஸ்கட், மாவு, பற்பசை என்று அவள் பட்டியலில் பதினோரு பொருள்கள் இளைத்திருந்தன. ஆறு மாதமும் ‘மாற்றமில்லை’ என்றே எழுதியிருந்தாள்.

3

தங்கை தையல் ஆலையில் வேலை செய்தாள். அந்த எண் ஏறினால்தான் அவள் கூலி ஏறும். ஆனாலும்,

“எழுதாதேக்கா.”

“உன் கூலிடீ!”

“என் கூலி கிடக்கட்டும். விலைவாசி ஏறினா வட்டி ஏறுமாம், வட்டி ஏறினா புது யூனிட்டுக்குப் பணம் போட மாட்டாங்களாம். மேனேஜர் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரருக்கு அந்த யூனிட்லதான் வேலை சொல்லி வெச்சிருக்கேன். ஒரு வருஷமா வேலையில்லாம வீட்ல உக்காந்து, பேப்பர்ல வர்ற டெண்டர் விளம்பரத்தக்கூட எனக்கு வாசிச்சுக் காட்டறார் மனுஷன்.” பிறகு, “பதினோரு பொருளால நாடு கவிழ்ந்துடுமா?”

“கவிழாதுன்னா, எழுதினா என்னவாம்?”

தங்கை பதில் சொல்லாமல்...

(அழுதபடி பதில் சொன்னாள். அழுதாள் என்று எழுதக் கை வரவில்லை. மேனேஜர் சொன்னது சரிதானா என்று பொருளாதாரம் படித்தவர்களைக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். தங்கைக்கு ஒரு கட்சிதான்: வீட்டில் உட்கார்ந்திருப்பவர்.)

4

கதைக்கு முதல் முடிவு: உள்ளதை எழுதுகிறாள், புது யூனிட்டும் வருகிறது. எழுதிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கையில்லை.

இரண்டாவது: எழுதுகிறாள், யூனிட் வரவில்லை, தங்கை அக்கா வீட்டுப் படியை மிதிக்காமல்...

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ‘மாற்றமில்லை’ என்று எழுதினேன். புது யூனிட் வந்தது. தங்கை கணவருக்கு வேலை கிடைத்தது. தங்கையோடு தைத்த ஆயிரம் பெண்களின் கூலி நின்ற இடத்திலேயே நின்றது. தங்கை வீட்டுக் குளியலறையில் சோப்பைப் பாதியாக வெட்டி வைத்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். இன்றுவரை அவள் எனக்கு நன்றி சொல்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இவளை எழுத உட்கார்ந்தேன். படிவத்தின் கடைசிப் பத்திவரை கூட்டிவந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டேன்: “நீயும் மாற்றமில்லைன்னே எழுதிடும்மா. எனக்கும் துணைக்கு ஒரு ஆள் ஆச்சு.”

அவள் சோப்பைக் கையில் வைத்து இன்னொரு முறை எடை நிதானித்தாள்.

“இல்லைங்க, குறையுதே,” என்றாள், மெதுவாக.